300 என்று அச்சிட்ட 450

1998 ஆகஸ்ட் 24 அன்று இன்டெல் நிறுவனம் வெளியிட்ட பிராசசர்களில் இரண்டை எடுத்துக்கொள்வோம். ஒன்று பென்டியம் 2, வேகம் 450 மெகாஹெர்ட்ஸ், விலை 669 டாலர். இன்னொன்று செலரான் 300ஏ, வேகம் 300 மெகாஹெர்ட்ஸ், விலை 149 டாலர். (இரண்டுமே ஆயிரக்கணக்கில் வாங்கும் நிறுவனங்களுக்கான விலை.) முதலாவது பணம் உள்ளவர்களுக்கு, இரண்டாவது கையைக் கடிக்காமல் கம்ப்யூட்டர் வாங்க நினைப்பவர்களுக்கு. இன்டெல் போட்ட கணக்கு அதுதான்.

அந்தக் கணக்கு ரொம்ப நாள் நிற்கவில்லை. 149 டாலர் சில்லை 450 மெகாஹெர்ட்ஸில் ஓட்டினால் பெரும்பாலும் ஓடுகிறது என்று வாங்கியவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். சும்மா ஓடுவது மட்டும் இல்லை, 669 டாலர் சில்லுக்குப் பக்கத்திலேயே வந்து நின்றது. சில வேலைகளில் அதை முந்தவும் செய்தது.

அச்சிட்ட வேகத்தைத் தாண்டி பிராசசரை ஓட்டுவதற்குப் பெயர் ஓவர்கிளாக்கிங். அதைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் ‘எப்படிச் செய்வது’ என்றுதான் எழுதுவார்கள். எனக்கு வேறு ஒரு கேள்வி. அந்தச் சில்லால் 450-இல் ஓட முடியும் என்றால், அதன் மேல் ஏன் 300 என்று அச்சிட்டார்கள்? நடுவில் இருக்கும் அந்த 150 மெகாஹெர்ட்ஸ் யாருக்குச் சொந்தம்? செய்தவனுக்கா, வாங்கியவனுக்கா? இந்த வித்தியாசத்தை இனிமேல் ‘மிச்சம்’ என்று சொல்கிறேன். ஓவர்கிளாக்கிங்கின் வரலாற்றைத் தோண்டிப் பார்த்தால், அது இந்த மிச்சத்துக்கு நடந்த சண்டையின் வரலாறுதான்.

அந்த எண் எங்கிருந்து வருகிறது?

முதலில் கொஞ்சம் அடிப்படை. பிராசசருக்குள் எல்லா வேலையும் ஒரு தாளத்துக்குத்தான் நடக்கிறது. ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு படி வேலை. 300 மெகாஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 30 கோடி தட்டு. இரண்டு தட்டுகளுக்கு நடுவே கிடைக்கும் நேரம் சுமார் 3.3 நானோ நொடி. 450-க்கு ஏற்றினால் அது 2.2 நானோ நொடியாகச் சுருங்கிவிடும். அதற்குள் சில்லின் ஒரு மூலையிலிருந்து கிளம்பிய மின் சமிக்ஞை போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். சேரவில்லை என்றால் ஒன்று பூஜ்யமாகவும் பூஜ்யம் ஒன்றாகவும் படிக்கப்படும். அவ்வளவுதான் விஷயம்.

சரி, ஒரு சில்லு எந்த வேகம் வரை தாங்கும்? செய்து முடித்துச் சோதித்தால்தான் தெரியும். ஒரே சிலிக்கான் தட்டில் நூற்றுக்கணக்கான சில்லுகள் உருவாகின்றன. எல்லாம் ஒரே அச்சு, ஆனால் எல்லாம் ஒரே மாதிரி வராது. ஒவ்வொன்றையும் சோதித்து, இது இந்த வேகம், இது அந்த வேகம் என்று தரம் பிரிக்கிறார்கள்.

மாங்காய் மண்டியைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். ஒரே தோப்பு, ஒரே மரம், ஆனாலும் முதல் ரகம், இரண்டாம் ரகம் என்று கூடை பிரிப்பார்கள். இந்த வருஷம் விளைச்சல் அமோகம், எல்லாமே முதல் ரகம். ஆனால் வாங்க வந்தவர்களில் பாதிப் பேர் இரண்டாம் ரகத்துக்குத்தான் பணம் வைத்திருக்கிறார்கள். வியாபாரி என்ன செய்வார்? முதல் ரகக் காயையே இரண்டாம் ரகக் கூடையில் போட்டு விற்பார். மொத்தத்தையும் விலை குறைத்தால் முதல் ரகத்தின் விலை போய்விடும். கூடையை மாற்றினால் இரண்டு விலையும் நிற்கும்.

ஆக, சில்லின் மேல் இருக்கும் எண் இயற்கை எழுதியது இல்லை. அதில் இரண்டு சங்கதிகள் கலந்திருக்கின்றன. ஒன்று பாதுகாப்பு: அறை சூடாக இருந்தாலும், விசிறியில் தூசி அடைத்தாலும், மின்சாரம் கொஞ்சம் ஏறி இறங்கினாலும், வருஷங்கள் ஓடினாலும் இந்த வேகத்தில் தப்பு வராது என்ற உறுதி. இன்னொன்று வியாபாரம்: எந்தக் கூடைக்கு எவ்வளவு சரக்கு வேண்டும் என்ற கணக்கு. இரண்டில் எது எவ்வளவு என்று அந்த எண்ணை வெளியிலிருந்து பார்த்துச் சொல்லவே முடியாது. இந்தக் கதை முழுக்க அந்தச் சிக்கல்தான் ஓடிக்கொண்டே இருக்கிறது.

கொஞ்சம் பின்னால் போவோம்

1981-இல் வந்த முதல் ஐபிஎம் பிசியின் வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ். ஏன் இப்படி ஒரு விநோத எண்? அதில் இருந்த இன்டெல் 8088 சில்லுக்கு 5 மெகாஹெர்ட்ஸ் வரை அனுமதி உண்டு. ஆனால் மதர்போர்டில் இருந்த குவார்ட்ஸ் படிகத்தின் அதிர்வு 14.31818 மெகாஹெர்ட்ஸ். அது அமெரிக்கத் தொலைக்காட்சியின் வண்ண சமிக்ஞையைப் போல நான்கு மடங்கு. கம்ப்யூட்டரை டிவியில் இணைக்கவும் அதே படிகம் உதவும் என்பதால் அதையே வைத்து, மூன்றால் வகுத்து பிராசசருக்குக் கொடுத்துவிட்டார்கள். வந்தது 4.77. முதல் பிசியிலேயே வேகத்தை முடிவு செய்தது பிராசசரின் திறமை இல்லை, டிவியின் வசதி. மிச்சம் அன்றைக்கே இருந்தது.

1984-இல் ஐபிஎம் ஏடி வந்தது. 80286 சில்லு, 6 மெகாஹெர்ட்ஸ். இதில் படிகம் 12 மெகாஹெர்ட்ஸ், அதைப் பாதியாக்கி பிராசசருக்குக் கொடுத்தார்கள். அந்தப் படிகம் பற்றவைக்கப்படாமல் ஒரு சாக்கெட்டில் செருகியிருந்தது. அமெரிக்காவில் ஆர்வமுள்ளவர்கள் சும்மா இருப்பார்களா? அதைப் பிடுங்கிவிட்டு 16 மெகாஹெர்ட்ஸ் படிகத்தைச் செருகினார்கள். கம்ப்யூட்டர் 8-இல் ஓடியது. சில டாலர் செலவில் மூன்றில் ஒரு பங்கு வேகம் கூடிவிட்டது.

ஐபிஎம் இதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்கவில்லை. பிந்தைய ஏடி பயாஸில், கம்ப்யூட்டர் துவங்கும்போதே கடிகார வேகத்தைச் சோதிக்கும் ஒரு சின்ன நிரலைச் சேர்த்தது. படிகத்தை மாற்றியிருந்தால் கம்ப்யூட்டர் கிளம்பாது. எனக்குத் தெரிந்து பிசி உலகில் மிச்சத்துக்குப் போட்ட முதல் பெரிய பூட்டு இதுதான்.

1992-இல் 486டிஎக்ஸ்2 வந்தபோது இன்னொரு பெரிய மாற்றம். அதுவரை மதர்போர்டின் வேகமும் பிராசசரின் வேகமும் ஒன்றுதான். இனிமேல் மதர்போர்டு 33 மெகாஹெர்ட்ஸில் ஓடும், பிராசசர் உள்ளுக்குள் அதை இரண்டால் பெருக்கி 66-இல் ஓடும். இந்தப் பெருக்கு எண்ணுக்குத்தான் மல்டிபிளையர் என்று பெயர். பென்டியம் காலத்தில் மதர்போர்டில் இருக்கும் ஜம்பர்களை இடம் மாற்றினாலே மல்டிபிளையர் மாறிவிடும். ஸ்க்ரூடிரைவர்கூட வேண்டாம், விரல் நகம் போதும்.

நல்லவர்களுக்கு வசதியானது திருடர்களுக்கும் வசதிதானே? 133 மெகாஹெர்ட்ஸ் பென்டியத்தை வாங்கி, மேலே இருக்கும் எழுத்தைச் சுரண்டிவிட்டு, 166 என்று புதிதாக அச்சிட்டு விற்கும் கும்பல்கள் கிளம்பின. வாங்கியவருக்குத் தான் ஓவர்கிளாக் செய்த சில்லை வைத்திருக்கிறோம் என்பதே தெரியாது. வெயில் காலத்தில் கம்ப்யூட்டர் காரணமில்லாமல் நின்றுபோகும்போது விண்டோஸைத் திட்டிக்கொண்டிருப்பார்.

இதைக் காரணம் காட்டித்தான் இன்டெல் மல்டிபிளையரைப் பூட்டியது. செலரானில் அந்தப் பூட்டு கச்சிதமாக விழுந்திருந்தது. 300ஏ-வின் மல்டிபிளையர் 4.5 என்றால் 4.5தான், மாற்றவே முடியாது. மோசடியைத் தடுப்பது உண்மையான காரணம்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதே பூட்டு, தன் சொந்தச் சில்லைத் தெரிந்தே வேகமாக ஓட்ட நினைத்தவனையும் வெளியே நிறுத்தியது. ஒரு கல், இரண்டு மாங்காய்.

பூட்டிய வீட்டுக்குத் திறந்த ஜன்னல்

செலரான் பிறந்த கதையே கொஞ்சம் பரிதாபமானது. 1998 ஏப்ரலில் வந்த முதல் செலரான் 266 மெகாஹெர்ட்ஸ். விலையைக் குறைக்க அதிலிருந்த எல்-2 கேஷ் நினைவகத்தை அடியோடு எடுத்துவிட்டார்கள். பிராசசருக்கு கேஷ் என்பது சமையல்காரருக்குப் பக்கத்தில் இருக்கும் அஞ்சறைப் பெட்டி மாதிரி. அது இல்லாவிட்டால் ஒவ்வொரு கடுகுக்கும் பலசரக்குக் கடைக்கு ஓட வேண்டும். பத்திரிகைகள் அதைக் கிழித்துத் தொங்கவிட்டன.

அதற்குப் பரிகாரமாக வந்ததுதான் 300ஏ. கேஷ் இல்லாத பழைய செலரானிலும் ஒரு 300 இருந்ததால், வித்தியாசம் தெரிய ‘ஏ’ சேர்த்தார்கள். இதில் 128 கிலோபைட் கேஷ், அதுவும் பிராசசர் இருக்கும் அதே சிலிக்கானுக்குள்ளேயே. பென்டியம் 2-இல் கேஷ் 512 கிலோபைட், ஆனால் தனிச் சில்லுகளில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது, பிராசசரின் பாதி வேகத்தில்தான் ஓடியது. 450 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 2-வின் கேஷ் ஓடியது 225-இல். 300ஏ-வை 450-க்கு ஏற்றினால் அதன் கேஷும் 450-இல் ஓடும். பெட்டி சின்னது, ஆனால் கை இரண்டு மடங்கு வேகம். மலிவுச் சில்லு ஏன் சில வேலைகளில் விலை உயர்ந்த சில்லை முந்தியது என்பதற்கு இதுதான் விடை. தனிக் கேஷ் சில்லுகள் இல்லாததால் அவை வேகத்துக்குப் போடும் முட்டுக்கட்டையும் இல்லை.

மல்டிபிளையர்தான் பூட்டியிருக்கிறதே, பிறகு எப்படி ஏற்றினார்கள்? பெருக்கல் கணக்கில் இரண்டு எண்கள் உண்டு. 66-ஐ 4.5-ஆல் பெருக்கினால் 300. இதில் 4.5-ஐத் தொட முடியாது, 66-ஐத் தொடலாம். அது மதர்போர்டின் பஸ் வேகம். அதே 1998 ஏப்ரலில் இன்டெல்லே 440பிஎக்ஸ் என்ற சிப்செட்டை வெளியிட்டிருந்தது, பென்டியம் 2-க்காக 100 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸோடு. 100 பெருக்கல் 4.5? 450!

இங்கே ஒரு அழகான நுணுக்கம் இருக்கிறது. பொதுவாக ‘கொஞ்சமாக ஏற்றினால் ஆபத்து குறைவு’ என்றுதானே நினைப்போம்? இங்கே தலைகீழ். பஸ் வேகத்தை வகுத்துத்தான் மற்ற கார்டுகள் செருகும் பிசிஐ பஸ்ஸுக்குத் தாளம் கொடுப்பார்கள், அது 33-இல் ஓட வேண்டியது. 66-ஐ இரண்டால் வகுத்தால் 33, சரி. பஸ்ஸை 83-க்கு ஏற்றினால் செலரான் 375-இல் ஓடும், ஆனால் பிசிஐ 41-ஐத் தாண்டிவிடும். சவுண்ட் கார்டும் ஹார்டு டிஸ்க் கட்டுப்பாடும் திணற ஆரம்பிக்கும். 100-க்கு ஏற்றினாலோ, பிஎக்ஸ் சிப்செட் மூன்றால் வகுக்கும். மறுபடி 33. அதாவது 375-ஐ விட 450 மற்ற பாகங்களுக்குப் பாதுகாப்பானது. பாதிக் கிணறு தாண்டுவதுதான் ஆபத்து, முழுக் கிணறு தாண்டியவன் பிழைத்தான்.

அடுத்த தடை: மதர்போர்டு 66-ஆ 100-ஆ என்பதை பிராசசரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளும். செலரான் ஒரு அட்டை வடிவில் வந்தது. அதன் செருகு முனைகளில் பி21 என்ற ஒன்று ‘நான் 66’ என்று சொல்லும். அந்த முனையின் மேல் ஒரு துண்டு டேப்பை ஒட்டினால், அல்லது நெயில் பாலிஷ் தடவினால் அதன் வாய் அடைந்துவிடும். மதர்போர்டு அதை 100 என்று எடுத்துக்கொள்ளும். கோடிக்கணக்கில் முதலீடு செய்து கட்டிய விலைப் பிரிவினைக்கு மாற்று மருந்து, அலங்காரப் பெட்டியிலிருந்து ஒரு சொட்டு நெயில் பாலிஷ்!

தைவானின் ஏபிட் நிறுவனத்துக்கு அதுகூட வேண்டாம். அவர்களுடைய பிஎச்6 மதர்போர்டில் ஜம்பரே கிடையாது. பயாஸ் திரையிலேயே பஸ் வேகத்தையும் வோல்டேஜையும் மாற்றிக்கொள்ளலாம். அதுவரை ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுக்கத் தயங்கியவர்களுக்கும் கதவு திறந்தது. 1999-இல் அதே நிறுவனம் பிபி6 என்று ஒரு போர்டு போட்டது, இரண்டு செலரான்களை ஒன்றாக ஓட்டுவதற்கு. செலரான் என்றால் ஒற்றைப் பிராசசர் கம்ப்யூட்டருக்கு மட்டும் என்பது இன்டெல்லின் ஏற்பாடு. போர்டு செய்பவனுக்கு அந்த ஏற்பாட்டைக் காப்பாற்ற வேண்டிய அவசியம் எதுவும் இல்லையே.

ஓடுகிறது என்றால் என்ன அர்த்தம்?

படித்தது போதாது என்று, பழைய சாமான் விற்பவரிடம் ஒரு 300ஏ-வும் ஒரு பிஎக்ஸ் போர்டும் வாங்கிவைத்து நானே பார்த்தேன். 100 மெகாஹெர்ட்ஸ் பஸ், வழக்கமான 2.0 வோல்ட். 450 என்று திரையில் காட்டி, விண்டோஸ் 98 வரை எந்தத் தகராறும் இல்லாமல் வந்தது. ராத்திரி முழுக்க பிரைம்95 ஓடவிட்டேன், தேறியது.

பிரைம்95 பற்றி ஒரு வார்த்தை. 1996-இல் ஜார்ஜ் வோல்ட்மேன் தொடங்கிய, மிகப் பெரிய பகா எண்களைத் தேடும் கூட்டு முயற்சிக்கான நிரல் அது. வாரக்கணக்கில் ஓடும் கணக்கில் ஒரு இடத்தில் ஒரு இலக்கம் தப்பானாலும் மொத்தமும் வீண். அதனால் பிராசசர் நம்பத் தகுந்ததா என்று பார்க்க, விடை முன்பே தெரிந்த கணக்குகளைக் கொடுத்துச் சரிபார்க்கும் சோதனை அதிலேயே உண்டு. ஓவர்கிளாக் செய்பவர்கள் அதைத் தங்கள் உரைகல்லாக எடுத்துக்கொண்டார்கள்.

அதே கம்ப்யூட்டர், அதே அமைப்பு. மே மாதம், சென்னை, மதியம் இரண்டு மணி. பிரைம்95 கொஞ்ச நேரத்தில் பிழை என்று சொல்லி நின்றது. கவனியுங்கள், கம்ப்யூட்டர் நிற்கவில்லை. பாட்டு ஓடுகிறது, கேம் ஓடுகிறது, சுட்டி நகர்கிறது. கணக்கு மட்டும் தப்பு. சூடு ஏறினால் அந்தக் காலத்துச் சில்லுகளில் டிரான்சிஸ்டர்கள் மெதுவாகும், 2.2 நானோ நொடிக்குள் சமிக்ஞை போய்ச் சேராது. வோல்டேஜை 2.1-க்கு ஏற்றினேன், சரியாகிவிட்டது. ஆனால் அதற்கும் விலை உண்டு. சில்லு எடுத்துக்கொள்ளும் சக்தி வேகத்தின் விகிதத்திலும், வோல்டேஜின் இருமடியின் விகிதத்திலும் கூடும். வேகம் ஒன்றரை மடங்கு, வோல்டேஜ் 5 சதவீதம் அதிகம் என்றால், மொத்தச் சூடு சுமார் 1.65 மடங்கு.

இந்தச் சோதனை எனக்குக் காட்டியது இதுதான். 300 என்ற எண்ணில் இருந்த மிச்சம் முழுவதும் வியாபார மிச்சம் இல்லை. மே மாதத்து மதியமும் அதற்குள் இருந்தது. குளிர்ந்த ஊரில் உட்கார்ந்து ‘எனக்கு ஓடியது’ என்று எழுதியவர்கள் பொய் சொல்லவில்லை. அந்த அச்சிட்ட எண் மட்டும்தான் எல்லா ஊருக்கும் சேர்த்துப் பொறுப்பேற்றது.

அந்த நாட்களில் ஒரு புதுத் தொழிலும் முளைத்தது. சில கடைகள் 300ஏ-க்களை மொத்தமாக வாங்கி, ஒவ்வொன்றையும் 450-இல் சோதித்து, தேறியவற்றைக் கூடுதல் விலைக்கு விற்றன. சில்லின் மேலிருக்கும் குறியீட்டையும், மலேசியாவில் பொதிந்ததா கோஸ்டா ரிகாவில் பொதிந்ததா என்பதையும் ஜாதகம் பார்ப்பது போலப் பார்த்து வாங்கினார்கள். யோசித்துப் பார்த்தால், எழுத்தைச் சுரண்டி விற்ற கும்பலும் இந்தக் கடைக்காரரும் சில்லுக்குச் செய்தது ஒரே வேலை. கடைக்காரர் ‘இது 300, நான் 450-இல் சோதித்தேன், இன்டெல்லின் உத்தரவாதம் கிடையாது’ என்று சொல்லி விற்றார். கும்பல் அதைச் சொல்லவில்லை. குற்றம் வேகத்தில் இல்லை, மறைத்ததில்தான் இருக்கிறது.

பென்சிலும், திரும்பப் பெற்ற சில்லும்

2000-இல் ஏஎம்டி நிறுவனத்தின் அத்லான், டியூரான் சில்லுகளிலும் மல்டிபிளையருக்குப் பூட்டு இருந்தது. பூட்டு எப்படிப்பட்டது தெரியுமா? பீங்கான் மேல்பரப்பில் எல்1 என்று குறித்த சில குட்டிப் பாலங்கள் வெட்டப்பட்டிருக்கும். பென்சிலால் அந்த இடைவெளியில் கோடு போட்டால் போதும். பென்சில் கரி மின்சாரத்தைக் கடத்தும், பூட்டு திறந்துவிடும். பள்ளிக்கூடப் பையிலேயே சாவி! அடுத்து வந்த அத்லான் எக்ஸ்பியில் லேசரால் பள்ளம் தோண்டி அதற்கும் முடிவு கட்டினார்கள்.

அதே 2000-இல் நடந்த இன்னொரு சம்பவம்தான் என் கேள்விக்கு மறுபக்கத்தைக் காட்டியது. மார்ச் 6 அன்று ஏஎம்டி 1 கிகாஹெர்ட்ஸ் அத்லானை அறிவித்தது. இரண்டே நாளில் இன்டெல்லும் 1 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 3-ஐ அறிவித்தது. போட்டி சூடானது. ஜூலை 31 அன்று இன்டெல் 1.13 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 3-ஐ வெளியிட்டது. டாம்ஸ் ஹார்டுவேர் தளத்தை நடத்திய தாமஸ் பாப்ஸ்ட், தனக்கு வந்த சில்லில் லினக்ஸ் கெர்னலைக் கம்பைல் செய்து பார்த்தார், நடுவிலேயே முறிந்தது. ஹார்டுஓசிபி போன்ற தளங்களிலும் கோளாறு தென்பட்டது. முதலில் மறுத்த இன்டெல், பிறகு தானும் உறுதி செய்துகொண்டு, ஒரு மாதத்துக்குள் அந்தச் சில்லைத் திரும்பப் பெற்றது.

இதைக் கண்டுபிடித்தவர்கள் யார் என்று பாருங்கள். ஓவர்கிளாக்கிங் எழுதியே பெயர் வாங்கிய தளங்கள். அளவுக்கு மீறி ஓட்டிய சில்லு எப்படித் தடுமாறும் என்பது அவர்களுக்கு மனப்பாடம். கடையிலிருந்து வந்த சில்லில் அதே தடுமாற்றத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது: இந்த முறை மிச்சத்தைத் தின்றது வாங்கியவர் இல்லை, தொழிற்சாலையே.

பூட்டை விற்கும் காலம்

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பஸ் வேகம் என்ற ஜன்னல் இன்னும் பத்து வருஷம் திறந்தே இருந்தது. 2011 ஜனவரியில் வந்த சாண்டி பிரிட்ஜ் தலைமுறையோடு அதுவும் மூடியது. ஒரே அடிப்படைத் தாளத்தில் எல்லா இணைப்புகளையும் கட்டிவிட்டதால், அதைச் சில சதவீதத்துக்கு மேல் ஏற்றினாலே மற்ற பாகங்கள் தடுமாறும். பதிலுக்கு, மல்டிபிளையர் திறந்த சில்லுகளை ‘கே’ என்ற எழுத்தோடு தனியாக விற்றார்கள். ஐ5-2500 விலை 205 டாலர், 2500கே விலை 216 டாலர். டேப்பும் நெயில் பாலிஷும் செய்த வேலைக்கு அன்று 11 டாலர்.

இது நியாயமா அநியாயமா என்று எனக்குள்ளேயே ரெண்டு கருத்து உண்டு. வெளிப்படையான விலை, ஒளிவுமறைவு இல்லை, அந்த வகையில் நேர்மைதான். ஆனால் 2010-இல் இன்டெல் 50 டாலர் அட்டை ஒன்றை விற்றுப் பார்த்தது. ஏற்கெனவே வாங்கிய பென்டியம் ஜி6951 சில்லில் மூடிவைத்திருந்த கேஷையும் வசதிகளையும் அந்த அட்டையில் இருக்கும் எண்ணைத் தட்டித் திறந்துகொள்ளலாம்! வீட்டை வாங்கிய பிறகு மாடிப்படிக்குத் தனிச் சாவி வாங்குவது போல. எதிர்ப்பு கிளம்பியது, திட்டம் ஓராண்டில் நின்றது. 2012-இல் ஓவர்கிளாக் செய்து சில்லு செத்தால் ஒருமுறை மாற்றித் தரும் காப்பீடும் வந்தது, 20 முதல் 35 டாலர் வரை. சூதாட்டத்தை நடத்துபவரே காப்பீடும் விற்ற மாதிரி. 2021-இல் அதுவும் நின்றது.

இதற்கெல்லாம் நடுவில் சத்தமில்லாமல் ஒரு பெரிய மாற்றம். 2008-இல் முதல் கோர் ஐ7 சில்லுகளோடு டர்போ பூஸ்ட் வந்தது. சூடும் சக்தியும் அனுமதித்தால் சில்லே தன் வேகத்தை ஏற்றிக்கொள்ளும், இல்லாவிட்டால் இறக்கிக்கொள்ளும். வாங்கியவர் ராத்திரி உட்கார்ந்து செய்த வேலையைத் தொழிற்சாலை தானே செய்து கொடுத்துவிட்டது. வருஷா வருஷம் அந்த டர்போ எண் ஏறிக்கொண்டே போனது. 2022-இன் ஐ9-13900கே 5.8 கிகாஹெர்ட்ஸ், 2024-இன் ஐ9-14900கேஎஸ் 6.2 கிகாஹெர்ட்ஸ். இப்போது ஓவர்கிளாக் செய்ய உட்கார்ந்தால் கிடைப்பது சொற்பம். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

2024-இல் அந்த 13, 14-ஆம் தலைமுறைச் சில்லுகளில் பல, வாங்கிய கொஞ்ச காலத்திலேயே தடுமாறத் தொடங்கின. தேவைக்கு மேல் வோல்டேஜ் போனதால் சில்லுக்குள்ளிருக்கும் கடிகாரச் சுற்றின் ஒரு பகுதி சீக்கிரமே மூப்படைகிறது என்று இன்டெல் சொன்னது. மைக்ரோகோடைத் திருத்தி வெளியிட்டது, உத்தரவாதத்தை இரண்டு வருஷம் நீட்டியது. ஆனால் ஏற்கெனவே மூப்படைந்த சில்லை மைக்ரோகோடு இளமையாக்காது. இந்தச் சில்லுகளை வாங்கியவர்களில் பலர் பயாஸ் பக்கமே போகாதவர்கள். பொதுவாக ஓவர்கிளாக்கருக்கு நேரும் கதி அவர்களுக்கு நேர்ந்தது.

மறுபடி அந்தக் கேள்விக்கு வருகிறேன்: மிச்சம் யாருக்குச் சொந்தம்? இதையெல்லாம் படித்த பிறகு என் பதில் இப்படி ஆகியிருக்கிறது. வியாபாரத்துக்காக ஒதுக்கிய மிச்சம் வாங்கியவனுக்குச் சொந்தம். காசு கொடுத்த சில்லில் அவன் என்ன செய்தாலும் கேட்க ஆளில்லை, கெட்டால் அவன் பொறுப்பு. பாதுகாப்புக்காக வைத்த மிச்சம் வேறு. அது அச்சிட்ட எண்ணை நம்பி, எதையும் தொடாமல் வேலை பார்க்கும் சாதாரண மனிதருக்குச் சொந்தம். கணக்குப்பிள்ளையின் கணக்கும் ஆய்வு மாணவரின் தரவும் தப்பாமல் இருப்பது அதனால்தான். தொழிற்சாலை அதை எடுத்துப் போட்டிக்குச் செலவு செய்தால், எழுத்தைச் சுரண்டி விற்ற கும்பலுக்கும் அதற்கும் உள்ள தூரம் குறைந்துகொண்டே வருகிறது.

கையில் பழைய டெஸ்க்டாப் இருந்து, ஓவர்கிளாக் செய்து பார்க்க ஆசை வந்தால் தாராளமாகச் செய்யுங்கள். பஸ்ஸை ஏற்றும்போது பிசிஐ எங்கே போகிறது என்று பாருங்கள், வோல்டேஜைக் கடைசியாகத் தொடுங்கள், முக்கியமான கோப்புகளுக்கு நகல் எடுத்துவையுங்கள். சோதனையை மட்டும் மார்கழி ராத்திரியில் செய்துவிட்டு ‘ஓடுகிறது’ என்று முடிவுக்கு வராதீர்கள். மே மாதம் வரை பொறுத்திருங்கள்.